மின்மானி யாருக்காகச் சுழல்கிறது?

உங்கள் வீட்டு மின்மானியைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? பெரும்பாலோர் பார்த்திருக்கமாட்டீர்கள். அது வீட்டு முகப்பில், கைக்கெட்டாத உயரத்தில், தூசி படிந்து கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து அண்ணாந்து பார்ப்பார். மற்ற நாட்களில் அதற்கும் நமக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

நான் குடியிருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரத்தில். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல். எதிர் வீட்டுப் பாட்டி விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மின்விசிறி ஓடவில்லை. கரண்டு இருந்தது. "ஏன் பாட்டி?" என்று கேட்டேன்.

"போன தடவை தொண்ணூத்திரெண்டு ஓடியிருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க, வாத்தியாரே. நூறைத் தாண்டிட்டா மொத்தத்துக்கும் காசு கட்டணுமாமே!"

பாட்டி அறிந்தது ஒரே ஓர் எண். அது எதனால் வந்தது, எந்தப் பொருள் எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எதுவும் தெரியாது. தெரியாததால் அவர் நிறுத்தியது தமக்கு மிகவும் தேவையான பொருளை. ஓர் எண்ணை ஒரு மனிதரிடம் சொல்வது மட்டும் போதாது. எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அவர் நடந்துகொள்கிறார். இந்த உண்மையைக் கண்டுபிடிக்கப் பொறியியலுக்கும் உளவியலுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

நம் பாட்டனார் காலத்தில் வீட்டு எரிபொருள்கள் யாவும் கண்ணுக்குத் தெரிந்தவை. மண்ணெண்ணெய் பாட்டிலில் மட்டம் இறங்குவது தெரியும். விறகு அடுக்கு குறைவது தெரியும். ஏரி நீர் கூட அப்படித்தான். முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் அளித்த கூரம் செப்பேடுகள், பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் காலையும் குறிப்பிடுகின்றன. கரையில் நின்றவனுக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மட்டம் இறங்கினால் மடையைச் சிக்கனமாகத் திறப்பான்.

மின்சாரம் அப்படிப்பட்டதன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, மட்டமில்லை. 9 வாட் பல்பைப் போடும் விசையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடும் விசையும் ஒரே மாதிரி 'டிக்' என்றுதான் ஒலிக்கின்றன. செலவு நூறு மடங்கு வேறுபட்டாலும் விரலுக்கு அது தெரிவதில்லை.

தட்டை நிறுத்துப் பார்த்த காலம்

தாமஸ் ஆல்வா எடிசன் 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் மின் நிலையத்தைத் தொடங்கினார். விற்ற மின்சாரத்தை எப்படி அளப்பது? ஃபாரடேயின் மின்பகுப்பு விதி அவருக்குக் கைகொடுத்தது. துத்தநாக சல்பேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகளை மூழ்கவைத்து, வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பகுதியை அதன் வழியே செலுத்தினார். ஒரு தகடு கரையும்; மற்றொன்றில் உலோகம் படியும். படியும் எடை, பாய்ந்த மின்னேற்றத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கம்பெனி ஆள் வந்து தகட்டை எடுத்துச் சென்று, தராசில் நிறுத்துப் பார்த்துப் பில் போடுவார். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க, அளவிப் பெட்டிக்குள்ளேயே ஒரு பல்பு எரியும்.

அழகான இயற்பியல்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு அதில் என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. அந்த அளவியில் படிப்பதற்கு எண்ணும் இல்லை, முள்ளும் இல்லை. கம்பெனி சொல்வதை நம்பவேண்டும். எடிசனின் மின்மானி விற்பவருக்காக மட்டுமே பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1885இல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப் புலத்தைக் காட்டினார். 1889இல் ஹங்கேரியின் கான்ஸ் ஆலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி, மாறுதிசை மின்னோட்டத்துக்கான தூண்டல் வகை மின்மானியை அமைத்தார். நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்த, அலுமினியத் தட்டு சுழலும் மின்மானி அதன் வழிவந்ததே. சுருள்கள் தட்டில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கித் திருப்புகின்றன. ஒரு நிலைக்காந்தம் தட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. திருப்பும் விசை திறனுக்கும், தடுக்கும் விசை வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், தட்டின் வேகமே வீட்டின் மின்திறனைக் காட்டிவிடுகிறது.

சிறுவயதில் அந்தத் தட்டின் கறுப்புக் குறி ஓடிவந்து மறைவதை நீங்களும் வேடிக்கை பார்த்திருக்கலாம். கிரைண்டர் போட்டால் குறி பறக்கும், நிறுத்தினால் ஊரும். வீட்டுக்காரரிடம் மின்மானி பேசிய முதல் மொழி அதுதான். பின்னர் வந்த மின்னணு மின்மானியில் தட்டு போய், மினுக்கும் சிறு சிவப்பு விளக்கு வந்தது. அதுவும் அதே மொழியையே பேசுகிறது, கேட்பார்தான் இல்லை.

கண்ணைக் கட்டிக் கோடு போட்டவர்கள்

இனி உளவியலுக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு, குறித்த நீளத்துக்குக் கோடு போடச் சொன்னார். ஆயிரக்கணக்கான கோடுகள் போட்டும் அவர் தேறவில்லை! கோடு சரியா, தவறா என்று ஒவ்வொரு முறையும் சொன்னபோதுதான் தேர்ச்சி வந்தது. பழக்கம் மட்டும் போதாது, விளைவு தெரிந்தால்தான் மனிதன் கற்கிறான் என்பது இதன் முடிவு.

விளைவைத் திருப்பிக் காட்டி வினையைத் திருத்துவதைப் பின்னூட்டம் என்கிறோம். பொறியாளர்கள் இதை முன்பே அறிவார்கள். ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டு ஆளி, வேகம் கூடினால் நீராவியைக் குறைக்கும். 1868இல் மாக்ஸ்வெல் அதற்குக் கணிதம் எழுதினார். 1948இல் நார்பர்ட் வீனர், இயந்திரத்துக்கும் உயிரினத்துக்கும் இது பொது என்று நூலெழுதினார்.

எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு மொத்த எண்ணைப் பெறும் குடும்பத்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு கோடு போடுகிறவர்கள்தானே?

சமையலறை ஜன்னலில் ஒரு பலகை

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதுவரை எரிசக்தியைப் பற்றிக் கவலைப்படாத நாடுகளும் கவலைப்படத் தொடங்கின. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து டுவின் ரிவர்ஸ் குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சி நடத்தினர். ராபர்ட் சொக்கோலோ என்னும் இயற்பியலாளர் அதற்குத் தலைமை தாங்கினார்.

அங்கு ஒரே வரைபடத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகள் இருந்தன. சுவர் ஒன்று, கூரை ஒன்று, கருவிகளும் ஒன்று. ஆயினும் ஒரு வீட்டின் எரிசக்திச் செலவு மற்றொன்றின் இரு மடங்காகக்கூட இருந்தது. குடித்தனம் மாறினால் அதே வீட்டின் செலவும் மாறியது. வேறுபாடு செங்கல்லில் இல்லை, குடியிருப்பவர்களிடம் இருக்கிறது என்று தெளிவாயிற்று. இயற்பியலாளர் உளவியலாளரைத் தேடிப் போகவேண்டிய இடம் இது.

கிளைவ் செலிக்மன், ஜான் டார்லி என்னும் இரு உளவியலாளர்கள் 29 வீடுகளை எடுத்துக்கொண்டனர். அவற்றில் ஒரு பகுதிக்கு, வாரத்தில் பல நாள், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகையில் முந்தைய நாள் செலவைக் காட்டினர். வெயிலின் கடுமையைக் கணக்கிட்டு, எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்று அதில் எழுதியிருக்கும். புதிய கருவி இல்லை, விலை உயர்வும் இல்லை. பலகை வைத்த வீடுகள் மற்றவற்றைவிட 10.5 விழுக்காடு குறைவாகச் செலவிட்டன. முடிவு 1977இல் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டு லாரன்ஸ் பெக்கர் இன்னொரு கேள்வி கேட்டார். எண்ணைக் காட்டினால் போதுமா, இலக்கும் வேண்டுமா? சில குடும்பங்களுக்கு 20 விழுக்காடு குறைக்கவேண்டும் என்ற கடினமான இலக்கையும், சிலவற்றுக்கு 2 விழுக்காடு என்ற எளிய இலக்கையும் தந்தார். கடின இலக்கும் பின்னூட்டமும் சேர்ந்த குடும்பங்கள்தாம் 13 முதல் 15 விழுக்காடு வரை குறைத்தன. இலக்கு மட்டும் இருந்தால் இருட்டில் நடப்பது போல. பின்னூட்டம் மட்டும் இருந்தால் விளக்கைப் பிடித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பது போல.

அண்டை வீட்டு அளவு

எங்கள் ஊர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். இராமானுசரின் தலையாய சீடரான அவரைப் பற்றி வைணவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பெருஞ்செல்வரான அவர் நாள் முழுதும் அன்னமிட்டு, இரவில் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டதாம். அது அங்கே பேச்சானது என்று அறிந்ததும், தம் செல்வம் இப்படிப் பறைசாற்றுகிறதே என்று நாணி, யாவற்றையும் துறந்து திருவரங்கம் போனாராம். நம் செயல் அடுத்தவர் காதில் எப்படி ஒலிக்கிறது என்ற செய்திக்கு அத்தனை வலிமை!

இந்த வலிமையை 2007இல் வெஸ்லி ஷுல்ட்ஸ், ராபர்ட் சியால்டினி முதலியோர் கலிஃபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் அளந்தனர். சுமார் 290 வீடுகளின் கதவில், "உங்கள் செலவு இவ்வளவு, அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு" என்று சீட்டு மாட்டினர். அதிகம் செலவிட்டவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவிட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "அடடா, நாம் வீணாகச் சிக்கனம் பிடிக்கிறோமே!" என்பது போல் கூட்டிவிட்டார்கள்! சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து, "நீங்கள் செய்வது நல்லது" என்று காட்டியபோது இந்தக் கெடுதல் நீங்கியது. எண் வழக்கத்தைச் சொல்லும். எது நன்று என்பதை அது சொல்லாது. அதைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வை அடியொற்றி, ஓப்பவர் என்னும் அமெரிக்க நிறுவனம் அண்டை வீட்டு ஒப்பீட்டை லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் அனுப்பியது. ஹன்ட் ஆல்காட் என்னும் பொருளியலாளர் 2011இல் கணக்கிட்டதில் சராசரிக் குறைவு சுமார் 2 விழுக்காடு. ஜன்னல் பலகையின் 10 எங்கே, இந்த 2 எங்கே என்று கேட்பீர்கள். சிறு சோதனைகள் பெரிய எண்களைத் தருவது அறிவியலில் வழக்கம். 1975 முதல் 2012 வரை வெளியான 156 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, மொத்தச் சராசரி 7.4 விழுக்காடு என்றும், மிகக் கண்டிப்பான முறையில் செய்தவற்றில் மட்டும் அது ஏறக்குறைய 2 என்றும் கண்டது. பின்னூட்டம் மந்திரமன்று. ஆனால் பல லட்சம் வீடுகளில் 2 விழுக்காடு என்பது சிறிய அளவுமன்று.

காசு கொடுத்தால்?

வெறும் எண்ணுக்குப் பதில் காசைக் காட்டினால் இன்னும் நன்றாகக் குறைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் யாரும் நினைப்போம். 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் கனசதுரப் புதிர்களைத் தந்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும், விடுவித்த புதிருக்குப் பணம் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது! டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னர் இதை விரித்து, மனிதனுக்கு உள்ளூர ஊக்கம் வர மூன்று வேண்டும் என்றனர்: தானே முடிவு செய்கிறோம் என்ற எண்ணம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு உறவு.

இது நம் நாட்டுக்குப் பொருந்துமா? தில்லித் தலைநகர்ப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அனந்த் சுதர்சன் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார். வாரந்தோறும் அண்டை வீட்டாருடன் ஒப்பிட்ட அறிக்கை பெற்ற வீடுகள் கோடைச் செலவை 7 விழுக்காடு குறைத்தன. அதே அறிக்கையோடு பணப் பரிசையும் சேர்த்தபோது அந்தக் குறைவு மறைந்துபோனது. பணம் வந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. "நான் சரியாக நடக்கிறேனா?" என்பது போய், "இந்தக் காசுக்கு இந்தச் சிரமம் தகுமா?" என்று மனம் கணக்குப் போடுகிறது.

நம் ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டில் இரு மாதக் கட்டண முறையே ஒரு பெரிய உளவியல் சோதனை எனலாம். 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆனது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசாக இருந்தது. 500ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது. ஆகவே 501ஆவது யூனிட்டுக்கு அதன் விலையான 8 ரூபாயோடு மேலும் 225 ரூபாய் போனது. அங்கே கோடு கூர்மையாக இருந்தது. ஆனால் 100 என்ற கோடு அப்படி இருக்கவில்லை. 110 ஓடினால் மேலதிகமான 10 யூனிட்டுக்கு மட்டும் 22 ரூபாய் 50 காசு கட்டவேண்டியிருந்தது. முதல் நூறு இலவசமாகவே நின்றது. பாட்டி 500இல் இருந்த பள்ளத்தை 100இல் இருப்பதாக நினைத்துப் பயந்திருந்தார். இலக்கு இருந்தது, பின்னூட்டம் இல்லை. விளைவு, மே மாதத்தில் நின்றுபோன விசிறி.

இதற்கு எதிர்த் துருவமும் உண்டு. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. உழவனுக்கு அது உயிர் காத்த உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான இணைப்புகளில் மின்மானியே இல்லாததால், எவ்வளவு மின்சாரம் எவ்வளவு நீரை இறைத்தது என்று தெரிந்துகொள்ள உழவனுக்கே வழியில்லை.

அன்று பாட்டியை மின்மானிக்குக் கீழே நிறுத்தினேன். அதன் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தது. ஒரு யூனிட்டுக்கு விளக்கு 3,200 முறை மினுக்கும் என்று பொருள். ஒரு யூனிட் 36,00,000 ஜூல். 3,200ஆல் வகுத்தால் ஒரு மினுக்குக்கு 1,125 ஜூல். 75 வாட் விசிறி அதைச் செலவிட 15 விநாடி ஆகும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டோம். பாட்டி விரல் மடக்கி எண்ணினார். பதினைந்து எண்ணுவதற்குள் ஒரு மினுக்கு! பிறகு இஸ்திரிப் பெட்டியைச் செருகினோம். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மினுக்கு என்று விளக்கு துடித்தது.

"இது இப்படித் தின்னுதா? என் ஃபேன் பாவம், கொஞ்சந்தான் தின்னுது" என்றார்.

கணக்கும் போட்டோம். விசிறி நாளுக்கு 10 மணி நேரம், 60 நாள்: 45 யூனிட். 60 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரம்: 14.4 யூனிட். 9 வாட் விளக்கு 6 மணி நேரம்: 3 யூனிட்டுக்குச் சற்று மேல். மொத்தம் 63 கூட இல்லை. முந்தைய கணக்கின் 92, மகள் வீட்டார் குழந்தைகளோடு வந்து தங்கியதால் வந்தது. பாட்டி அன்றிரவு விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினார். ஞாயிறுதோறும் மின்மானி எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவைக்கப் பேரனைப் பழக்கியிருக்கிறார். வாரத்துக்கு 11 யூனிட்டுக்குள் நின்றால் பயமில்லை என்பது அவருடைய இலக்கு.

கவனித்தீர்களா? நல்ல பின்னூட்டம் எப்போதும் செலவைக் குறைப்பதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டியின் செலவு கூடியது. எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக்கூடாது என்று அறிந்து முடிவெடுக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. அதுவே முக்கியம்.

2021இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், நாடெங்கும் 25 கோடி நவீன மின்மானிகளைப் பொருத்த இலக்கு வைத்தது. அவை அரை மணிக்கு ஒருமுறை செலவைப் பதிவு செய்து மின்நிறுவனத்துக்கு அனுப்ப வல்லவை. ஆனால் அந்தச் செய்தி குடும்பத்தாரிடம் எப்படி வந்து சேரும்? புரியாத வரைபடமாகவா, பயமுறுத்தும் குறுஞ்செய்தியாகவா, சமையலறை ஜன்னல் பலகை போலவா? எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஒரு விதியைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரமுடியாது. அளப்பவன் ஊருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். எடிசனின் துத்தநாகத் தகடு விற்பவருக்கு மட்டும் கணக்குக் காட்டியது. நவீன மின்மானி வீட்டாருக்கும் காட்டவேண்டும்.

அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. இன்று மாலை உங்கள் மின்மானியின் முகப்பில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 36,00,000ஐ அதனால் வகுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கருவியாகப் போட்டு, இரு மினுக்குகளுக்கு இடைப்பட்ட விநாடிகளை எண்ணுங்கள். ஜூலை விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். கைக்கடிகாரம் ஒன்று போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அருகே நிறுத்திக்கொண்டு எண்ணுங்கள். அவர்கள் பயந்து நிறுத்திவைத்திருக்கும் கருவி ஏதேனும் இருக்கக்கூடும்.